காப்பீடில்லா வண்டி: தண்டனை அடிபட்டவருக்கா?

மோதியவர் தப்பி ஓடிவிட்டால், இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. மோதியவர் ஓடாமல் நின்றார், வண்டி எண் தெரியும், முகவரியும் தெரியும், ஆனால் வண்டிக்குக் காப்பீடு இல்லை என்றால் அந்த 2 லட்சமும் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் இன்று நிற்கும் நிலை இதுதான்.

ஓடிப்போனவரின் கடனை அரசின் நிதி ஏற்கிறது. நின்றவரின் கடனை யாரும் ஏற்பதில்லை. குடும்பத்தின் கையில் மிஞ்சுவது விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாய உத்தரவின் நகல்.

இதைத் தலைவிதி என்று சொல்லி நகர முடியாது. தில்லியிலும் சென்னையிலும் கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பவர்கள் செய்யாமல் விட்ட வேலையின் விளைவு இது. அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

வண்டி வைத்திருப்பவர் மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்பது இந்தியாவில் 1946 ஜூலை முதல் நடைமுறைச் சட்டம். 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதப்பட்டது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146ஆம் பிரிவாகத் தொடர்கிறது. ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் ஆகின்றன. இன்று நாட்டின் வண்டிகளில் சுமார் 56 சதவீதத்துக்குக் காப்பீடு இல்லை. இதைச் சொன்னது நாடாளுமன்றத்தின் நிதித்துறை நிலைக்குழு. சொன்னது 2024 பிப்ரவரியில்.

பாதிக்கு மேற்பட்டோர் மீறும் ஒரு சட்டத்தை மீறியவர்கள் மட்டும் கெடுக்கவில்லை. காவலுக்கு வைத்தவர்களும் சேர்ந்தே கெடுத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு இது அடுத்த வீட்டுச் செய்தி அல்ல. 2022இல் நாட்டிலேயே அதிகச் சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105. உயிரிழந்தவர்கள் 17,884. அந்த 64,105 விபத்துகளில் எத்தனை வண்டிகளுக்குக் காப்பீடு இல்லை? அந்தக் குடும்பங்களில் எத்தனை பேருக்கு ஒரு ரூபாயாவது போய்ச் சேர்ந்தது? இந்தக் கணக்கைக் காவல் துறை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஒவ்வொரு விபத்தின் முதல் தகவல் அறிக்கையிலிருந்தும் எடுக்கக்கூடிய கணக்கு இது. எடுக்க மனம் வேண்டும்.

எந்த வண்டிக்கு எந்தத் தேதியில் காப்பீடு முடிந்தது என்பது அரசுக்குத் தெரியும். வாகன் தரவுத்தளத்தில் வண்டி எண்ணைத் தட்டினால் மற்ற விவரங்களோடு காப்பீட்டுத் தேதியும் வருகிறது. பழைய பைக் வாங்கப்போகும் இளைஞர் தன் செல்போனிலேயே இதைப் பார்த்துவிடுகிறார். சாலையில் நிற்கும் உதவி ஆய்வாளரின் கையில் இருக்கும் இ-சலான் கருவியிலும் இதே விவரம்தான் வருகிறது.

தெரிந்த பிறகு என்ன நடக்கிறது? கீழ்ப்பாலத்துக்கு அருகே வண்டி நிறுத்தப்படுகிறது. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் என்று மூன்றும் கேட்கப்படுகின்றன. இன்சூரன்ஸ் முடிந்து இரண்டு வருடம். 196ஆம் பிரிவின்படி முதல் முறைக்கு 2,000 ரூபாய் அபராதம். ரசீது கைக்கு வருகிறது. வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. இன்சூரன்ஸ் இல்லாமலேயே போகிறது.

இதற்குப் பெயர் சோதனை இல்லை. 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஆபத்தைச் சாலையில் திருப்பி விடும் வேலை. அந்த வண்டி அடுத்த சிக்னலில் ஒருவரை அடித்தால், சற்றுமுன் கருவூலத்துக்குப் போன 2,000 ரூபாயில் ஒரு பைசா அடிபட்டவருக்கு வராது.

பதிவு இல்லாத வண்டியைத் தடுத்து வைக்கக் காவல் துறைக்கு 207ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. உரிமம் இல்லாமல் ஓட்டினாலும் தடுத்து வைக்கலாம். பர்மிட் இல்லாவிட்டாலும் தடுத்து வைக்கலாம். காப்பீடு இல்லாத வண்டி அந்தப் பட்டியலில் இல்லை. 2019இல் இந்தச் சட்டத்தைப் பக்கம் பக்கமாகத் திருத்தினார்கள். அபராதங்களைப் பல மடங்கு ஏற்றினார்கள். இந்த ஒரு வரியைச் சேர்க்கவில்லை. சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

பீகாரும் ஒடிசாவும் சுங்கச்சாவடிக் கேமராக்களை வாகன் தரவுத்தளத்தோடு இணைத்து, காப்பீடு முடிந்த வண்டிகளுக்குத் தானாகவே சலான் அனுப்பத் தொடங்கின. தமிழ்நாட்டில் கேமராவுக்குப் பஞ்சமில்லை. ஹெல்மெட் போடாதவரின் படம் அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் செல்போனுக்கு வந்துவிடுகிறது. (ஹெல்மெட்டுக்கு அபராதம் கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஹெல்மெட் போடாதவர் தன் தலையைப் பணயம் வைக்கிறார். காப்பீடு இல்லாதவர் பிறர் குடும்பத்தைப் பணயம் வைக்கிறார். கேமரா முதலாமவரை மட்டும் ஏன் பார்க்கிறது?)

காப்பீடு எட்டாத விலையிலும் இல்லை. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 75 முதல் 150 சி.சி. வரையிலான இரு சக்கர வண்டிக்கு ஓராண்டு மூன்றாம் நபர் பிரீமியம் 714 ரூபாய். அதன் மேல் அரசு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வைக்கிறது. எடுக்காவிட்டால் குற்றம் என்று சட்டம் போடும் அரசே, எடுப்பவரிடம் வரியும் வாங்குகிறது. இந்த வரியை இன்னும் வைத்திருப்பதற்கு ஜி.எஸ்.டி. கவுன்சில் என்ன நியாயம் சொல்லும்?

கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். அந்த வழக்கின் விளைவாகத்தான் 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்று ஆண்டு, புதிய இரு சக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமானது. அறுவைச் சிகிச்சை மேசையில் நொறுங்கிய எலும்புகளைப் பார்த்த ஒரு மருத்துவர் நீதிமன்றப் படியேறிச் செய்ய வேண்டியிருந்தது அது. செய்திருக்க வேண்டிய அமைச்சகம் சும்மா இருந்தது.

அந்த ஐந்து ஆண்டுகளும் 2023 செப்டம்பரில் முடியத் தொடங்கிவிட்டன. அதன் பிறகு? லாரி என்றால் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்காக ஆர்.டி.ஓ. அலுவலகம் வந்தாக வேண்டும். காப்பீடு இல்லாமல் எஃப்.சி. நடக்காது. பைக்குக்கு எஃப்.சி. இல்லை. பதினைந்து ஆண்டுப் பதிவு முடியும்வரை அது எந்த அலுவலக வாசலையும் மிதிக்க வேண்டியதில்லை. ஐந்தாம் ஆண்டு முடிவில் அந்த வண்டியை யார் பிடித்துக் கேட்பது என்று யாரும் யோசிக்கவில்லை. பத்து ஆண்டுகள் அது காப்பீடில்லாமல் ஓடலாம். ஓடுகிறது.

காப்பீடு இருந்தும் இல்லாத நிலை இன்னொன்று. இது அதைவிடக் கொடிது, ஏனென்றால் பாலிசி கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு மக்கள் வண்டியில் ஏறுகிறார்கள்.

கணவர் பைக் ஓட்டுகிறார். மனைவி பின்னால் உட்கார்ந்திருக்கிறார். வண்டி சறுக்கி விழுந்து மனைவி இறக்கிறார். வண்டிக்கு இருப்பது மூன்றாம் நபர் பாலிசி மட்டும். காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கிறது. பின்னால் உட்கார்ந்தவர் அந்தப் பாலிசியில் சேர்த்தி இல்லை என்று 2006இல் திலக் சிங் வழக்கிலும், 2008இல் சுதாகரன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. முழுப் பாலிசி எடுத்திருந்தால் கிடைத்திருக்கும். இந்த வேறுபாட்டை எத்தனை பேரிடம் யார் சொன்னார்கள்?

பாலிசி ஆங்கிலத்தில் இருக்கிறது. பொடி எழுத்தில் இருக்கிறது. பின் இருக்கையில் உட்காருபவருக்கு இதில் எதுவும் இல்லை என்ற ஒரு வரியைத் தமிழில், முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் அச்சிட என்ன தடை? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு சுற்றறிக்கையில் முடிக்கக்கூடிய வேலை இது. செய்யவில்லை. பைக்கின் பின் இருக்கையில் அமர்ந்துதான் இந்த நாட்டின் பெரும்பாலான பெண்கள் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போகிறார்கள் என்பது ஆணையத்துக்குத் தெரியாதா?

லோடு ஆட்டோ கதை இன்னும் மோசம்.

நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களை ஏற்றிப் போவது குட்டி யானை எனும் சிறு சரக்கு வண்டிதான். வளைகாப்புக்குப் போவதும் அதில்தான். துக்க வீட்டுக்குப் போவதும் அதில்தான். பேருந்து வராத ஊரில் வேறு வழியில்லை. வண்டிக்குக் காப்பீடு இருக்கிறது. எஃப்.சி.யும் இருக்கிறது. வளைவில் கவிழ்ந்தால் பின்னால் நின்ற பெண்களுக்கு அந்தக் காப்பீட்டில் இடமில்லை. சரக்கு வண்டியில் சும்மா ஏறியவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019 திருத்தத்தில் நாடாளுமன்றமே அந்த விலக்கைச் சட்டத்தில் எழுதி வைத்தது.

நெல் மூட்டைக்குத் துணையாக ஏறிய சொந்தக்காரருக்குக் காப்பு உண்டு. நடவுக்குப் போகிற பெண்களுக்கு இல்லை.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது தவறு என்று ஒவ்வொரு பெரிய விபத்துக்குப் பிறகும் மாவட்ட நிர்வாகம் அறிக்கை விடுகிறது. ஒரு வாரம் பிடிக்கிறார்கள். எட்டாம் நாள் அதே வண்டி அதே பெண்களோடு அதே சோதனைச் சாவடியைக் கடக்கிறது. தடுக்க முடியாது என்றால் காப்பீட்டில் சேர்க்க வேண்டும். காப்பீட்டில் சேர்க்க மாட்டோம் என்றால் அந்த ஊருக்குப் பேருந்து விட வேண்டும். இரண்டும் செய்யாத அரசுக்கு, இறந்தவர்கள் ஏறியிருக்கக் கூடாது என்று சொல்ல வாயில்லை.

இனி தீர்ப்பாயத்துக்கு வருவோம். காப்பீடில்லாத வண்டியால் அடிபட்டவர் அங்கே என்ன பெறுகிறார் என்பதை இந்த அதிகாரிகள் ஒரு நாளாவது வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

முதல் எதிர்மனுதாரர் வண்டி உரிமையாளர். இரண்டாவதாகக் காப்பீட்டு நிறுவனம் இருக்க வேண்டிய இடம் காலி. அழைப்பாணை போகிறது. உரிமையாளர் வருவதில்லை. மறுபடி போகிறது. வருவதில்லை. எக்ஸ்பார்ட்டி. வந்தாலும் சொல்வது ஒன்றுதான்: "வண்டிய எப்பவோ வித்துட்டேங்க." படிவம் 29, 30இல் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு, ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல் கைமாறிய வண்டி அது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே பொறுப்பு யாருடையது என்பதில் சந்தேகமில்லை. பணம் எங்கே என்பதில்தான் சந்தேகம்.

ஓட்டுநருக்கு லைசென்ஸ் இல்லை, ஆனால் வண்டிக்குப் பாலிசி இருக்கிறது என்றால் நீதிமன்றம் வழி காட்டுகிறது. காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்கிறது. 2004இல் ஸ்வரண் சிங் வழக்கு உறுதிப்படுத்திய வழி அது. பாலிசியே இல்லை என்றால் முதலில் கொடுக்க யாரும் இல்லை.

தீர்ப்பு வருகிறது. வட்டியோடு சில லட்சம். உரிமையாளர் கட்டவில்லை. சட்டத்தின் 174ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது. தீர்ப்பாயம் மாவட்ட ஆட்சியருக்குச் சான்று அனுப்பும். ஆட்சியர் அந்தத் தொகையை நிலவரி பாக்கியைப் போல வசூலித்துத் தர வேண்டும்.

வேண்டும். ஆனால் சான்று ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வட்டாட்சியருக்குப் போகிறது. வட்டாட்சியரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கு. அவரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கு. அங்கிருந்து ஒரு வரி எழுதிக் கோப்பு மேலே ஏறுகிறது: மேற்படி நபர் பெயரில் அசையாச் சொத்து ஏதுமில்லை. அந்த ஒரு வரி வருவதற்கும் கணவரை இழந்த பெண் எத்தனை மனுநீதி நாள் முகாம்களில் வரிசையில் நிற்க வேண்டும் என்பதை அந்தக் கோப்பு சொல்லாது.

ஒவ்வொரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் இப்படி எத்தனை சான்றுகள் கிடக்கின்றன? எந்த ஆண்டிலிருந்து கிடக்கின்றன? எத்தனையில் பணம் வசூலானது? வருவாய்த் துறை பதில் சொல்ல வேண்டும். கிணற்று மோட்டார் கடனுக்குக் கதவைத் தட்டத் தெரிந்த நிர்வாகத்துக்கு இதை வசூலிக்கத் தெரியாது என்பதை நாம் ஏற்கவில்லை.

அடிபட்டவருக்குச் சட்டம் கெடு வைக்கிறது. 2022 ஏப்ரல் முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப்போட வேண்டும் என்று 166ஆம் பிரிவில் எழுதிவிட்டார்கள். அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது. கால் முறிந்து படுத்திருப்பவருக்கு ஆறு மாதம். சான்றை வைத்திருக்கும் ஆட்சியருக்கு எத்தனை மாதம்? எதுவும் இல்லை.

வண்டியையே விற்றுப் பணம் தரலாம் அல்லவா? தரலாம். தந்தாக வேண்டும். காப்பீடில்லாத வண்டி விபத்தில் சிக்கினால், உரிமையாளர் போதிய பிணை கட்டும்வரை அதை விடுவிக்கக் கூடாது, மூன்று மாதத்தில் கட்டாவிட்டால் பொது ஏலத்தில் விற்றுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும் என்ற தில்லி விதியை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் உஷா தேவி வழக்கில் உத்தரவிட்டது. பன்னிரண்டு வாரம் அவகாசம் தந்தது. 2022இல் ஒன்றிய அரசின் விதிகளிலும் அது ஏறியது.

இப்போது ஏதாவது ஒரு காவல் நிலையத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். எருக்கஞ்செடி முளைத்து, டயர் மக்கி, நம்பர் பிளேட் துருவேறிய பைக்குகள் மலைபோல் கிடக்கின்றன. அவற்றில் விபத்து வழக்கு வண்டிகள் எத்தனை? மூன்று மாதத்தில் ஏலம் போயிருந்தால் கிடைத்திருக்கும் சில ஆயிரமும் துருவாகிப்போனது. மாவட்டவாரியாக எத்தனை வண்டிகள் இந்த விதிப்படி ஏலம் விடப்பட்டன, எவ்வளவு பணம் தீர்ப்பாயத்துக்குப் போனது என்று உள்துறை அறிவிக்கட்டும்.

இவ்வளவையும் பேசும்போது தமிழ்நாடு அரசு ஒன்றை மறைக்க முடியாது. சட்டம் தரும் விலக்கைப் பயன்படுத்தி, காப்பீடு இல்லாமல் பேருந்துகளை ஓட்டுவது அரசுப் போக்குவரத்துக் கழகங்களே. சுமார் 20,000 பேருந்துகள். விபத்து இழப்பீட்டுக்குத் தனி நிதி வைத்திருந்தால் காப்பீடு தேவையில்லை என்பது சட்டம். விலக்கின் பொருள், அந்த நிதியிலிருந்து உரிய நேரத்தில் பணம் போக வேண்டும் என்பது.

போகிறதா? பேருந்து நிலையத்தில் புறப்படத் தயாராக நிற்கும் வண்டியில் நீதிமன்ற அமீனா ஏறுகிறார். டிக்கெட் வாங்கிய பயணிகள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். கண்ணாடியில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டப்படுகிறது. பேருந்து நீதிமன்ற வளாகத்துக்குப் போகிறது. மறுநாள் நாளிதழில் நான்கு வரிச் செய்தி. கோவையிலும் திருப்பூரிலும் சேலத்திலும் இந்தச் செய்தி படித்துப் படித்து வாசகருக்கு அலுத்துவிட்டது. அலுக்காதவர்கள் போக்குவரத்துக் கழக மேலாண்மை இயக்குநர்கள் மட்டும். தீர்ப்பு வந்தும் கட்டாமல், நிறைவேற்று மனு வந்தும் கட்டாமல், பேருந்தைப் பிடித்த பிறகு ஓடி வந்து கட்டுகிறார்கள். அப்படியானால் பணம் இருந்தது. கொடுக்கும் எண்ணம்தான் இல்லை.

அரசே இப்படி நடந்தால், 714 ரூபாய் கட்டாத பைக்காரரிடம் அரசு எந்த முகத்தோடு பேசும்?

மருத்துவச் செலவில் மட்டும் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், முதல் 48 மணி நேரத்தில் யார், எந்த ஊர், எந்த வண்டி என்று கேட்காமல் சிகிச்சை தருகிறது. நல்ல திட்டம். ஒன்றிய அரசு தன் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தைச் சட்டப்படி 2022இலேயே கொண்டுவந்திருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கெடு வைத்தும், அந்தக் கெடு கடந்தும், மே மாதத்தில்தான் அறிவித்தது. ஏழு நாள், ஒன்றரை லட்சம் ரூபாய்.

எட்டாம் நாள்? துண்டான காலுக்கு? நின்றுபோன கூலிக்கு? இறந்தவரின் பிள்ளைகளுக்கு? அங்கேதான் காப்பீடு வேண்டும். அங்கேதான் இல்லை.

கட்டாயக் காப்பீட்டைப் பிரிட்டனிடமிருந்து எடுத்துக்கொண்டோம். அதன் மறுபாதியை எடுத்துக்கொள்ளவில்லை. இந்தியாவில் கட்டாயக் காப்பீடு நடைமுறைக்கு வந்த அதே 1946ஆம் ஆண்டில் பிரிட்டனில் மோட்டார் காப்பீட்டாளர் பணியகம் தொடங்கப்பட்டது. காப்பீடில்லாத வண்டி மோதினால் அந்தப் பணியகம் கொடுக்கும். செலவைக் காப்பீட்டு நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும். அமெரிக்காவில் வேறு வழி. அங்கே பல மாநிலங்களில், எதிரே வருபவருக்குக் காப்பீடு இல்லையென்றாலும் போதாவிட்டாலும் தன் பாலிசியிலிருந்தே தனக்கு இழப்பீடு கிடைக்கும்படி ஒரு பிரிவு இருக்கிறது. அதை வாடிக்கையாளர் முன் வைத்தே தீர வேண்டும் என்று நிறுவனங்களுக்குச் சட்டம் சொல்கிறது. அதில் குறை இல்லாமல் இல்லை. வண்டியே இல்லாத ஏழைக்குத் தன் பாலிசி ஏது? நடந்து போகிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் நிறைந்த நம் சாலைக்குப் பிரிட்டனின் வழியே பொருந்தும்.

அதற்குப் புதிய சட்டம் கூடத் தேவையில்லை. 2019 திருத்தத்தில் 164பி பிரிவு வந்தது. எல்லாச் சாலைப் பயனாளிகளுக்கும் கட்டாயக் காப்பு என்று சொல்லி மோட்டார் வாகன விபத்து நிதி அமைக்கப்பட்டது. சிகிச்சைக்கும், மோதிவிட்டு ஓடிய வண்டிகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அதிலிருந்து பணம் போகும். அதோடு, ஒன்றிய அரசு விதியில் குறிப்பிடும் பிறருக்கும் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. காப்பீடில்லாத வண்டியால் பாதிக்கப்பட்டவர்களை அந்தப் 'பிறர்' பட்டியலில் சேர்க்க ஒரு விதி போதும். ஓர் அரசிதழ் அறிவிப்பு போதும். நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.

ஏன் சேர்க்கவில்லை? நிதிச்சுமை என்ற பதிலை நாம் ஏற்க மாட்டோம். 2022இல் நாட்டில் பதிவான மோதி ஓடிய விபத்துகள் 67,387. 2022-23 நிதியாண்டில் இழப்பீடு கேட்டு வந்த மனுக்கள் 205. தீர்க்கப்பட்டவை 95. இதை 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டிக் கண்டித்தது. கொடுத்துத் தீர்ந்துபோன நிதி அல்ல இது. கொடுக்காமல் வைத்திருக்கும் நிதி. அப்படியொரு உரிமை இருப்பதை அந்த 67 ஆயிரம் குடும்பங்களிடம் சொல்ல வேண்டியது காவல் நிலையங்களின் வேலை. சொல்லவில்லை.

ஒழுங்காகப் பிரீமியம் கட்டுகிறவர் ஏன் கட்டாதவருக்காகச் சுமக்க வேண்டும் என்ற கேள்வி வரும். சுமக்க வேண்டாம். 196ஆம் பிரிவில் வாங்கும் ஒவ்வொரு 2,000 ரூபாயும் இந்த நிதிக்குப் போகட்டும். அடிபட்டவர் பெயரில் வாங்கிய அபராதம் அடிபட்டவருக்கே போவதில் யாருக்கு என்ன ஆட்சேபம்?

தமிழ்நாடு அரசு தில்லியைக் காட்டிவிட்டு ஒதுங்கவும் முடியாது. சோதனையில் பிடிபட்ட வண்டியை அந்த இடத்திலேயே காப்பீடு எடுக்க வைக்க முடியும். செல்போனில் பத்து நிமிட வேலை. கேமராவை வாகன் தளத்தோடு இணைக்க முடியும். ஆட்சியர் அலுவலகச் சான்றுகளுக்கு ஆறு மாதக் கெடு விதிக்க முடியும். அடிபட்டவருக்கு விதித்த அதே ஆறு மாதம். போக்குவரத்துக் கழகங்களின் தீர்ப்புக் கடனை ஜப்திக்கு முன்பே அடைக்க முடியும். இவற்றில் எதற்கும் ஒன்றிய அரசின் அனுமதி வேண்டியதில்லை.

விதி வரும்வரை இன்னொன்றும் செய்யலாம். காப்பீடில்லாத வண்டியால் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு, ஓடிய வண்டி என்றால் கிடைக்கும் அதே 2 லட்சத்தை மாநில அரசு முன்பணமாகக் கொடுக்கட்டும். பிறகு வண்டி உரிமையாளரிடமிருந்து தானே வசூலித்துக்கொள்ளட்டும். ஆட்சியர் அரசின் ஊழியர். வட்டாட்சியர் அரசின் ஊழியர். 174ஆம் பிரிவின் அதிகாரம் அவர்கள் மேசையில் இருக்கிறது. 'சொத்து ஏதுமில்லை' என்ற அந்த ஒரு வரியைக் கிராம நிர்வாக அலுவலர் இனிமேல் அரசுக்கே எழுதி அனுப்பட்டும்.